ஒரே வீட்டுக்கு இரண்டு சாவி

அவன் ஒரு மெத்தையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தான். அராசெலியின் கைக்குக் கிடைத்தது நீச்சல்குளத்தில் இலை அள்ளும் வலைக்கம்பு ஒன்றுதான்.

"கீழ வை!"

மெத்தை நின்றது. அதற்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. முழங்கால் வரை சுருட்டிவிட்ட பேன்ட், செருப்பில்லாத பாதம்.

"யாரு?" என்றது மெத்தை.

"நீ யாருடா? பட்டப்பகல்ல மெத்தையத் தூக்கிட்டுப் போற அளவுக்கு இந்த ஊர்ல துணிச்சல் வந்துடுச்சா?"

"மெத்தையத் தூக்கிட்டுப் போறேனா? இந்தாம்மா, கொஞ்சம் வாய..."

அவன் முடிப்பதற்குள் வலைக்கம்பு இறங்கிவிட்டது. அடி வாங்கியது மெத்தைதான். ஆனால் அவன் ஒரு படியைத் தவறவிட்டான். மெத்தை முதலில் வழுக்கியது, அதன்மேல் அவன் வழுக்கினான், இரண்டும் சேர்ந்து கூடத்துத் தரையில் ஓடி வந்து அராசெலியின் காலடியில் நின்றன. கும்பிட்டு விழுந்தவன்போலக் குப்புறக் கிடந்தான்.

மெல்லத் தலையைத் தூக்கினான்.

வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் கண்கள்... அதற்குமேல் மழை நேரத்துத் தென்னங்கீற்றுபோல இமைகள். திருடனுக்கு எதற்கு இவ்வளவு நீளமான இமை என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கம்பை மறுபடியும் ஓங்கினாள்.

"கதவ எப்படித் திறந்த?"

"சாவி போட்டு" என்றான். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டவும் செய்தான்.

அராசெலி தன் இடுப்புக் கொத்திலிருந்து ஒரு சாவியைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே நீளம், அதே பல்.

"இத உனக்கு யாரு குடுத்தா?"

"கோர்டன். உனக்கு?"

"மார்லீன் அம்மா."

இருவருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் விளங்கியது. விளங்கிய பிறகும் அவள் கம்பைக் கீழே போடவில்லை.

அந்த வீடு கனடாக்காரர்களுடையது. பூன்தா மாத்தியாஸ் என்ற அந்தக் கடலோர ஊரில் கடலைப் பார்த்து நிற்கும் நல்ல வீடுகள் எல்லாமே யாராவது ஒரு வெள்ளைக்காரருடையவைதான். நவம்பரில் குளிருக்குப் பயந்து வருவார்கள். ஈஸ்டர் முடிந்ததும் வெயிலுக்குப் பயந்து போவார்கள். ஊரில் அவர்களுக்குப் பறவைகள் என்று பெயர். பறவைகள் போன பிறகு கூட்டைக் காப்பது ஊர்க்காரர்களின் பிழைப்பு. ஆள் புழங்காத வீட்டில் மழைக்காலம் நுழைந்தால் அவ்வளவுதான்... சுவர் பச்சையாகிவிடும். அடிக்கடி குழாய்களைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் வடிகால் காய்ந்து கரப்பான் ஏறிவரும். அலமாரிக்குள் சுண்ணாம்புப் பை தொங்கவிட வேண்டும். மெத்தைகளை வெயில் காட்டி நிமிர்த்தி வைக்க வேண்டும். இப்படிப் பல வீடுகளின் சாவி அராசெலியின் இடுப்பில் தொங்கியது. அவள் தெருவில் நடந்தால் குதிரைவண்டி வருவதுபோலச் சத்தம் கேட்கும்.

மார்லீனும் கோர்டனும் போன வருடம் பிரிந்துவிட்டார்கள். குளிர்காலத்து வீடு யாருக்கு என்று கனடாவில் வக்கீல்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பாகும் வரை பூட்டில் யாரும் கை வைக்கக்கூடாது என்று ஏற்பாடு. காவலுக்கு ஆள் வைக்கக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. ஆகவே ஆளுக்கு ஒருவரை வைத்துவிட்டார்கள். அவள் மார்லீனின் ஆள். இவன், எவெலியோ, கோர்டனின் ஆள். கொம்போஸ்தெலா மலைப்பக்கத்திலிருந்து வந்து, வெள்ளைக்காரர்கள் ஊருக்குள் ஓட்டும் பேட்டரி வண்டிகளை ரோட்டோரப் பாதாம் மரத்தடியில் ரிப்பேர் செய்பவன்.

இருவரும் உடனே கனடாவுக்குப் போன் போட்டார்கள். அவள் சமையலறையில், அவன் கூடத்தில்.

"கோர்டனோட ஆளா? தொரத்து! நீ அங்கேர்ந்து நகராத!" என்று மார்லீன் கத்தியது கூடம் வரை கேட்டது.

"மார்லீனோட ஆளா? விரட்டிவிடு! நீ இடத்த விட்டு அசையாத!" என்று கோர்டன் கத்தியது சமையலறை வரை கேட்டது.

போனை வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அசையக் கூடாதாம்" என்றான் அவன்.

"நகரக் கூடாதாம்" என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்து மேற்கே ஒரு இடி உறுமியது. தெருவில் ஒரு குழந்தை வீறிட்டது, பயத்தில் இல்லை... ஆனந்தத்தில். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. அன்று சான் ஹுவான் திருநாள். அந்த நாளில் முதல் மழை விழுந்தால் ஊரே பித்துப் பிடித்ததுபோல ஆகிவிடும். குடமும் வாளியுமாக எல்லோரும் தெருவுக்கு வந்து எதிரில் வருபவர்மேலெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள்.

எவெலியோவின் முகம் மாறியது.

"ஐயோ... மத்த மெத்தையெல்லாம் மொட்டை மாடியில காயுது!"

சண்டையை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள்.

மழை அதற்குள் வந்துவிட்டது. தூறல், சாரல் என்கிற மரியாதையெல்லாம் இல்லை. ஒரே கொட்டு. அவன் ஒரு முனை, அவள் ஒரு முனை என்று மெத்தைகளை உள்ளே இழுத்துப் போட்டார்கள். கடைசி மெத்தை உள்ளே போனதும் பார்த்தால் மாடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். வடிகால் வாயைப் பாதாம் இலைகள் அடைத்திருந்தன. இன்னும் கொஞ்சம் ஏறினால் படுக்கையறைக்குள் போய்விடும்.

அவள் மண்டியிட்டுக் கையை விட்டாள். அவன் படுத்தே விட்டான், தோள் வரை கை குழாய்க்குள் போனது. இலையும் சேறும் ஒரு செத்த நண்டும் வந்தன. பிறகு களக் என்று ஒரு சத்தம். மாடித் தண்ணீர் முழுவதும் சுழன்றுகொண்டு இறங்கியது.

"போயிடுச்சு!" என்று கத்தினாள்.

"போயிடுச்சு!" என்று அவனும் கத்தினான்.

சிரித்துவிட்டார்கள். சிரித்தபிறகுதான் சண்டை ஞாபகம் வந்தது. அவள் எழுந்து, நிரம்பியிருந்த ஒரு வாளியைத் தூக்கி அவன் தலையில் அப்படியே கவிழ்த்தாள்.

"சான் ஹுவான் அன்னிக்கு நனைச்சா கோவிக்கக் கூடாது. ஊர் வழக்கம்."

"கம்பால அடிக்கிறதும் வழக்கமா?"

"அது என் சொந்த வழக்கம்."

அவன் இமையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் அதைத் துடைக்கவில்லை. அவளையே பார்த்தான். அராசெலி இடுப்புச் சாவிகளைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். சரிசெய்ய அதில் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் ஆளுக்கொரு பொய் சொன்னார்கள். கோர்டனின் ஆளைத் துரத்தியாகிவிட்டது என்று அவள் மார்லீனுக்கு. மார்லீனின் ஆள் இனி வரமாட்டாள் என்று அவன் கோர்டனுக்கு. கனடாவில் இருவரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

மறுநாளிலிருந்து ஒரு புது வேலை சேர்ந்தது. வீடு நன்றாக இருக்கிறதா என்று வாராவாரம் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அவள் எடுக்கும்போது அவன் தெரியக்கூடாது. அவன் எடுக்கும்போது அவள் தெரியக்கூடாது.

"குனி!" என்பான் எவெலியோ, போனைத் தூக்கிக்கொண்டு.

அவள் துடைப்பத்தோடு சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவாள்.

"குனி!" என்பாள் அராசெலி.

அவன் சமையல் மேடைக்கு அடியில் போய்விடுவான். ஆள் உயரம். பாதிதான் உள்ளே போவான்.

"காலு தெரியுதுடா மெத்தைத் திருடா!"

"வெட்டி எறிஞ்சிடவா சாவிக்காரி?"

"எறி. கடல் பக்கமா எறி, நாத்தம் வராது."

பறவைகள் போகும்போது குளிர்பெட்டியில் பாதி தீர்ந்த பாட்டில்களை விட்டுவிட்டுப் போவார்கள். அவை காவல்காரருக்குச் சேர வேண்டியவை. ஒரு வீட்டுக்கு இரண்டு காவல்காரர் இருந்தால் எப்படிப் பிரிப்பது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. இவர்கள் சமையல் மேடையில் எதிரெதிரே உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசினார்கள்.

"கடுகு சாஸ் நீ எடுத்துக்க."

"எனக்கு எதுக்கு? பீனட் பட்டர் எனக்கு."

"அதுதான் நல்லா இருக்கும்னு தெரிஞ்சு கேக்குற."

"நீயும் தெரிஞ்சுதான குடுக்க மாட்டேங்கிற."

கடைசியில் அதைச் சூடான தோர்த்தியா ரொட்டியில் தடவி, மேலே மேப்பிள் பாகு ஊற்றி, மிளகாய்ப் பொடியும் தூவி இருவரும் ஒரே தட்டில் தின்றார்கள். கண்றாவியாக இருந்தது. அடுத்த வாரமும் அதையே செய்து தின்றார்கள்.

ஊர் காலியாகக் கிடந்தது. பாதி கடைகளுக்கு ஷட்டர் இறங்கியிருந்தது. சாலையை நண்டுகள் கூட்டமாகக் கடந்தன. மதியம் மூன்று மணிக்கு வானம் கறுக்கும், மழை கொட்டும், எல்லாம் நனையும். அந்த வீட்டில் மட்டும் ஜன்னல் திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

'வேலைதானே பார்க்கிறோம்...' என்று அராசெலி தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அவள் பார்க்கவேண்டிய மற்ற வீடுகளில் வேலை சீக்கிரம் முடிந்தது. இந்த வீட்டில் மட்டும் முடியவே இல்லை.

ஆகஸ்டில் அந்த ஒற்றுமை உடைந்தது.

ஒரு நாள் காலை, அளவு நாடாவோடு வீட்டுத் தெருப்பக்கம் இருக்கும் கார் ஷெட்டைத் திறந்தாள். உள்ளே எவெலியோ ஏணிமேல் நின்று வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி.

"என்ன பண்ற?"

"கடை போடப் போறேன்" என்றான். அவன் முகம் அப்படி ஒளிர்ந்து அவள் பார்த்ததில்லை. "நவம்பர்ல. மரத்தடியில ரிப்பேர் பண்ணா மழை வந்ததும் பொழப்பு படுத்துடுது. வீடு கோர்டன் கைக்கு வந்ததும் இந்த ஷெட்டு எனக்குன்னு வாக்குக் குடுத்திருக்கார். போர்டுக்குப் பெயின்ட் கூட வாங்கிட்டேன்..."

அவன் பார்வை அவள் கையில் இருந்த நாடாவுக்கு வந்தது. பேச்சு நின்றது.

"அது எதுக்கு?"

"வாஷிங் மெஷின் வைக்க. சலவைக் கடை. மார்லீன் அம்மா எனக்கு எப்பவோ சொல்லிட்டாங்க. வீடு அவங்க கைக்கு வந்ததும் ஷெட்டு எனக்கு."

ஊரில் உள்ள வீட்டுச் சாவியெல்லாம் இடுப்பில் தொங்கியும், தன் பேரைப் போட்டுக்கொள்ள ஒரு கதவு இல்லாமல் வாழ்வது எப்படி இருக்கும் என்று அவனிடம் என்ன சொல்வது? பறவைகளின் துணியெல்லாம் இப்போது பக்கத்து ஊருக்குப் போகிறது. ஒரு குளிர்காலம்... ஒரே ஒரு குளிர்காலம் அந்தத் துணி தன் கைக்கு வந்தால் போதும் என்று அவள் எத்தனை நாள் கணக்குப் போட்டிருப்பாள்.

நாடாவைச் சுவரிலிருந்து சுவருக்கு இழுத்தாள். ஏணியிலிருந்து அவனும் எட்டிப் பார்த்தான்.

"மெஷின வெச்சா உன் வண்டி நிக்காது."

"வண்டி நின்னா உன் மெஷினுக்கு இடமில்ல."

"அப்ப?"

"அப்ப என்ன? வீடு யாருக்கு வருதோ..." என்று முடிக்காமல் விட்டான்.

"வரட்டும் பாக்கலாம்" என்று நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று கடற்கரையில் அராசெலியின் அம்மா ஓஃபெலியா மீனைப் பிளந்து கரியடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். பறவைகள் இல்லாத காலத்தில் ஊர்க்காரர்களுக்கு மட்டும் சுடுவாள், பாதி விலைக்கு, முழு வசவோடு. மகள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அவன் உன்னப் பாத்து இளிச்சானா, ஷெட்டப் பாத்து இளிச்சானா?"

"அம்மா!"

"என்ன நொம்மா? உங்கப்பன் என்னப் பாத்து இளிக்கிறான்னுதான் நானும் நெனச்சேன். என் மீன் கடையப் பாத்து இளிச்சிருக்கான். சாகற வரைக்கும் உக்காந்து தின்னான், ஒரு நாள் அடுப்புப் பத்த வெச்சானா?"

அந்தக் கேள்வி அராசெலிக்கு மீன்முள்போலத் தொண்டையில் நின்றுவிட்டது. அந்தச் சிரிப்பு, அந்தத் தோர்த்தியா, அந்த 'குனி'... எல்லாம் ஷெட்டுக்காகவா? மார்லீனின் ஆளை மயக்கிவைத்துக்கொண்டால் நாளைக்கு உதவும் என்றா?

அவள் பேசுவதை நிறுத்தினாள். அவனுக்கும் ரோஷம் இருந்தது, அவனும் நிறுத்தினான். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், இரண்டு வாளி, இரண்டு துடைப்பம். அவள் மாடியில் இருந்தால் அவன் கீழே. செப்டம்பர் முழுக்க மழை மட்டும்தான் பேசியது. பீனட் பட்டர் பாட்டிலின் மேல் பூஞ்சை கட்டியது. எடுத்தெறிய இருவருக்கும் மனம் வரவில்லை.

பேசாமல் இருந்ததுதான் வினையாகிப் போனது.

அக்டோபரில் ஒரு நாள் அவன் வீடியோ எடுத்தான். வழக்கம்போல 'குனி' என்று சொல்லவேண்டும். சொல்லவில்லை. அவளும் தான் அங்கே இருப்பதைச் சொல்லவில்லை. கூடத்துப் பெரிய கண்ணாடிக் கதவில் அவள் பிம்பம் முழுசாக விழுந்துவிட்டது. அதைப் பார்க்காமலே அவன் அனுப்பிவிட்டான்.

கோர்டன் பார்த்துவிட்டார். மார்லீனின் ஆள் இன்னும் என் வீட்டில் என்ன செய்கிறாள் என்று மார்லீனுக்குப் போன் போட்டுக் கத்தினார். உன் ஆள் மட்டும் அங்கே என்ன செய்கிறான் என்று அவள் திருப்பிக் கத்தினாள். ஒரு மணி நேரத்தில் பூன்தா மாத்தியாஸில் இரண்டு போன்கள் அடித்தன.

"வக்கீல் சொன்னதெல்லாம் இருக்கட்டும். இன்னிக்கே பூட்ட மாத்து" என்றாள் மார்லீன். "அந்த ஆள் உள்ள வரக் கூடாது. மாத்தலன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன். ஷெட்டப் பத்தியும் மறந்துடு."

அராசெலி ஹார்டுவேர் கடைக்குப் போனாள். வானம் கறுத்துக் கிடந்தது.

"நல்ல பூட்டா ஒண்ணு குடுங்க தோன் நபோர். தெருக் கதவுக்கு."

கடைக்காரக் கிழவர் மூக்குக் கண்ணாடிக்கு மேல் பார்த்தார். "கனடாக்காரங்க வீட்டுக்கா?"

"ஆமா. ஏன்?"

"என்ன அந்த வீட்டுல இன்னிக்குப் பூட்டுத் திருவிழாவா? இப்பத்தான் மெக்கானிக் ஒண்ணு வாங்கிட்டுப் போறான். அவனும் தெருக் கதவுக்குன்னான்."

"எப்பப் போனான்?"

"இப்பத்தான். அங்க பாரு, நீ பூட்ட எடுக்கல..."

எடுத்தாள். ஓடினாள்.

மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பருவத்தின் கடைசி மழை, மிச்சம் வைக்காமல் கொட்டியது. சாவிக்கொத்து இடுப்பில் அடித்து அடித்து அலறியது. பூட்டு மாட்ட ஒரு மெக்கானிக்குக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பேட்டரி வண்டியையே கழற்றி மாட்டுகிறவன். நாலு திருகு. அவள் சந்து திரும்புவதற்குள் முடித்திருப்பான். உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பான். அந்த இமைகளோடு... பார்க்கட்டும். கல்லெடுத்துக் கண்ணாடியை உடைக்கிறேன். அழுகிறேனா என்ன? இல்லை, மழை.

வீட்டு முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

எவெலியோ வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். தொப்பலாக நனைந்திருந்தான். அவன் பக்கத்தில் ஒரு புதுப் பூட்டு, அட்டைப்பெட்டி பிரிக்காமல், மழையில் ஊறிக்கொண்டிருந்தது. கதவில் பழைய பூட்டு அப்படியே இருந்தது.

"ஏன் மாட்டல?" என்றாள்.

"மாட்டலாம்னுதான் வந்தேன். திருப்புளி கூட எடுத்தேன்."

"அப்புறம்?"

"மாட்டிட்டா நீ எப்படி உள்ள வருவ?"

மழைச் சத்தத்தில் அவள் அதைக் கேட்டாள். கேட்காததுபோல நின்றாள். கையில் இருந்த தன் பூட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஒளிக்காத. நபோர் கடைப் பை தெரியுது" என்றான்.

"நான் உன்ன வெளிய தள்ளத்தான் ஓடி வந்தேன்."

"தெரியும். அதான் நானே வெளிய வந்து உக்காந்துட்டேன்... உனக்கு வேல மிச்சம்."

"சிரிக்காத! உனக்கு ஷெட்டு வேணும். அதுக்காகத்தான் சிரிச்ச. அதுக்காகத்தான் அந்தக் கண்றாவித் தோர்த்தியாவத் தின்ன. எங்கம்மா அன்னிக்கே கேட்டா, அவன் உன்னப் பாக்குறானா ஷெட்டப் பாக்குறானான்னு!"

அவன் எழுந்து நின்றான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

கூடத்து வீடியோ. வேலைக்கே உலை வைத்த வீடியோ. கண்ணாடிக் கதவில் அராசெலி தெரிந்தாள். கையில் துடைப்பம், பெருக்காமல் நிற்கிறது. முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கண்... அந்தக் கண்ணை அவள் எந்தக் கண்ணாடியிலும் பார்த்ததில்லை. பசித்தவள் பார்ப்பதுபோல, பிழைத்து வந்தவள் பார்ப்பதுபோல, அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோர்டன் போன்ல திட்டினதுக்கு அப்புறம்தான் நான் இத ஒழுங்காப் பாத்தேன்" என்றான் எவெலியோ. "அப்புறம் பாத்துக்கிட்டே இருந்தேன். ஷெட்டு போனா போவுது, வேற மரத்தடி கெடைக்கும். இப்படி ஒருத்தி என்னப் பாக்குறா... அவ மூஞ்சியில நான் பூட்டு மாட்டணுமா?"

"நான் கண்ணாடியில இருந்த கறையப் பாத்தேன்."

"கறைய எவளும் இப்படிப் பாக்க மாட்டா."

சண்டைக்கென்று வாயில் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் மழையில் கரைந்து எங்கோ போய்விட்டது. அவனையே பார்த்தாள். இமையிலிருந்து தண்ணீர் சொட்டியது, ஜூன் மாதத்தில் சொட்டியதுபோலவே. இந்த முறை அவள் சாவிகளைச் சரிசெய்யவில்லை.

பையோடு தன் பூட்டை அவன் பூட்டுக்குப் பக்கத்தில் படியில் வைத்தாள். தன் போனை எடுத்துக் கூரைச் சாய்ப்புக்கு அடியில் தூக்கிப் பிடித்தாள். வீடியோ பட்டனை அழுத்தினாள்.

அவன் பழக்க தோஷத்தில் சட்டென்று குனிந்தான்.

அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தாள்.

"குனியாத. நில்லு. என் பக்கத்துல நில்லு."

நின்றான்.

"செனோரா மார்லீன், செனோர் கோர்டன்" என்றாள் போனைப் பார்த்து. "இந்த வீடியோ உங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தான். தொரத்திட்டோம்னு நாங்க சொன்னது பொய். ஜூன்லேர்ந்து ரெண்டு பேரும் சேந்துதான் இந்த வீட்டப் பாத்துக்கறோம். மெத்தையெல்லாம் காஞ்சிருக்கு. ஒரு சுவர்ல பூஞ்சை கிடையாது. பூட்ட மாத்தல, மாத்தவும் மாட்டோம். கோவம்னா ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பிடுங்க. ஒருத்தர மட்டும் அனுப்ப முடியாது."

"ஏன்னு சொல்லு" என்றான் அவன் காதோரமாக.

"அது அவங்களுக்குச் சொல்ற விஷயம் இல்ல." அணைத்தாள். இருவருக்கும் அனுப்பினாள்.

"எனக்குச் சொல்லலாமே..."

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கேட்டதில்ல."

அராசெலி தெருவைப் பார்த்தாள். எவரும் இல்லை. ஒரு நண்டு மட்டும் சாலையைக் கடந்துகொண்டிருந்தது.

"எனக்கு உன்னப் பிடிச்சிருக்குடா மெத்தைத் திருடா. நீ படியில வழுக்கி வந்து கால்ல விழுந்தியே, அன்னிலேர்ந்து. போதுமா?"

"இப்போதைக்குப் போதும்" என்றான். அவள் விரல்களைத் தேடிப் பிடித்தான். இரண்டு கையும் ஈரம்.

இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் அடித்தன. இவர்கள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தன. மழையும் ஓய்ந்தது. படியில் உட்கார்ந்து, ஷெட்டு போய்விட்டது என்று அவள் சொன்னாள். போகட்டும் என்றான். வேறு எங்கே கடை பார்ப்பது என்று பேச ஆரம்பித்தார்கள். பேச்சு பாதியில் இருக்கும்போது அவன் போன் மட்டும் மறுபடி அடித்தது.

எடுத்துக் கேட்டான். 'உம்' என்றான். மறுபடியும் 'உம்' என்றான். கண் விரிந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"கோர்டன்தான். மார்லீன் அம்மாவும் லைன்ல இருக்காங்க."

"ரெண்டு பேருமா? சண்டையா?"

"ஒரு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் கத்தாமப் பேசறாங்களாம். நம்ம வீடியோவப் பாத்துட்டு மொதல்ல நம்மத் திட்டினாங்களாம், அப்புறம் வக்கீலத் திட்டினாங்களாம். பறவைங்க வர்ற நேரத்துல இனி ஊர்ல காவலுக்கு ஆளும் கெடைக்காது... கிறிஸ்துமஸ் வரைக்கும் வீடு அவங்களுக்கு, அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் இவருக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க. காவலுக்கு நாம ரெண்டு பேரும் இருக்கணுமாம்."

"ஷெட்டு?"

"அதத்தான் கேக்கறாங்க. எவ்வளவு அகலம்னு. மெஷினும் வண்டியும் ஒண்ணா நிக்குமான்னு."

நாடா பிடித்து அளந்தவள் அவள். நிற்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மெஷினை வைத்துவிட்டு வண்டியை விட்டால் அதன் மூக்கு தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும். அவள் துணி உலர்த்த வந்தால் அவன் தோளில் இடிக்க வேண்டியிருக்கும். அவன் ஸ்பானர் எடுக்க வந்தால் அவள் ஒதுங்க வேண்டியிருக்கும். நாள் முழுக்க. குளிர்காலம் முழுக்க.

"சீக்கிரம் சொல்லு, காத்திருக்காங்க" என்றான். "என்ன சொல்ல?"

அராசெலி சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றி அவன் மடியில் வைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் போதும்னு சொல்லு."